வண்டித்தடமும் உப்புக்கொத்தியும்: நம்ம கரையில் கோட்டை எங்கே போடுவது?

மக்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். கடற்கரை மணலில் வண்டி ஓட்டலாமா, கூடாதா?

"பொதுக் கரைதானே, ஓட்டினா என்ன?" என்பது ஒரு பதில். "இயற்கை கெட்டுப்போகும், கூடவே கூடாது" என்பது இன்னொரு பதில். ரெண்டுமே யோசிக்காமல் வாயில் வந்துவிடும். ஆனால் விடியுமுன் தூண்டிலும் ஐஸ் பெட்டியும் பைக்கில் கட்டிக்கொண்டு பொழிமுகத்துக்குப் போகிறவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு லேசானது இல்லை. கரமடி இழுத்து வந்த மீனை வெயில் ஏறுவதற்குள் ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கும் அப்படித்தான். அதே மணலில் மூன்று முட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற பறவைக்கோ இது வாழ்வா சாவா கேள்வி.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். அதனால இதை ஒரு டிசைன் ப்ராப்ளமா எடுத்துக்குவோம். இடம் ஒன்று, அதைப் பயன்படுத்துகிறவர்கள் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் சில தேவைகள். தேவை என்ன, அது எங்கே மோதுது, எப்போ மோதுது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

1. முதலில் பறவை

உப்புக்கொத்தியை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க, பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். கைக்குள் அடங்குகிற அளவு, சுமார் 40 கிராம் எடை, மேலே மணல் நிறம், கீழே வெள்ளை. குடுகுடு என்று கொஞ்ச தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், திரும்ப ஓடும். மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம் மாதிரி இடங்களில் குளிர்காலத்தில் நின்று பார்த்தால் இந்தக் குடும்பத்துப் பறவைகள் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை வடக்கே இருந்து வலசை வந்து, சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுகிறவை.

ஆனால் கிளம்பாத ஒன்றும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்கத் தங்கி, இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஓர் உப்புக்கொத்தி. ரொம்ப காலமாக இதைக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாகத்தான் வைத்திருந்தார்கள். 2023-ல் 'ஐபிஸ்' என்ற பறவையியல் ஆய்விதழில், கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஒரு கட்டுரை வந்தது. மரபணு, உடல் அளவு எல்லாம் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று அது காட்டியது. ராமர் பாலத்தின் இரண்டு பக்கமும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள்.

இதில் நமக்கு என்ன? துணையினமாக இருந்தவரைக்கும், பரந்து விரிந்த ஒரு பெரிய கூட்டத்தின் ஒரு பகுதி இது. தனி இனம் என்று ஆனபிறகு, இதோட மொத்த வீடே நம்ம தெற்குக் கரையும் இலங்கைக் கரையும்தான். இங்கே அழிந்தால் வேறு எங்கேயிருந்தும் வந்து நிரப்ப ஆள் கிடையாது.

இப்போ கூடு. கூடு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மணலில் ஒரு சின்னக் குழி, சுற்றிக் கொஞ்சம் கிளிஞ்சல் துண்டு, அவ்வளவுதான். அலை ஏறும் எல்லைக்கு மேலே, காய்ந்த மணலில் இருக்கும். முட்டை பெரும்பாலும் 2 அல்லது 3. ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளியும் கீறலும். குனிந்து பார்த்தாலே தெரியாது, ஹேண்டில்பாருக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு எங்கே தெரியப்போகுது? காகத்தையும் நரியையும் ஏமாற்றத்தான் இந்த வேஷம். டயரிடம் அது செல்லுபடி ஆகாது.

நாள் கணக்கு முக்கியம், குறித்துக்கொள்ளுங்க. இந்த வகை உப்புக்கொத்திகளில் அடைகாப்பது ஏறக்குறைய 25 நாள். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய 30 நாள். ஆக ஒரு கூட்டுக்கு 55 நாள்.

2. முட்டை ஒரு புள்ளி, குஞ்சு ஒரு கோடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைப்பேன் என்றால், இதை வையுங்க.

முட்டை நகராது. அது இருக்கும் இடம் ஒரு புள்ளி. சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் பாதுகாத்துவிடலாம். ஆனால் உப்புக்கொத்திக் குஞ்சு காக்காய்க் குஞ்சு மாதிரி கூட்டிலேயே வாய் பிளந்து கிடக்காது. பொரித்துச் சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்து, ஈர மணலுக்குப் போய்த் தானே இரை தேடும். தாயும் தகப்பனும் கூடவே காவல் போவார்கள், ஊட்டிவிட மாட்டார்கள். அப்போ குஞ்சுக்குத் தேவைப்படுவது காய்ந்த மணலில் இருந்து ஈர மணல் வரைக்கும், பிறகு கரையோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நீண்ட கோடு.

இதனால்தான் கடலாமைக்குச் செய்கிற வைத்தியம் இதற்குப் பலிக்காது. சென்னையில் 1988-ல் இருந்து மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை நடத்துகிறார்கள். ராத்திரி கரையோரம் நடந்து, பங்குனி ஆமை போட்ட முட்டையை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சைக் கடலில் விடுகிறார்கள். அங்கே மணலின் சூடே அடைகாத்துக்கொள்ளும். தாய் ஆமைக்கு அதற்குமேல் வேலை இல்லை. உப்புக்கொத்தி முட்டையை அப்படி இடம் மாற்ற முடியாது. பெற்றோர் மாற்றி மாற்றி உட்கார்ந்தாக வேண்டும். கொளுத்தும் நாளில் சில பறவைகள் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்த அளவுக்குக் கவனிப்பு தேவைப்படுகிற பிள்ளை அது.

3. டயர் என்ன செய்யும்?

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். ஒரு டயர் தரையை எவ்வளவு அழுத்துது என்பதற்கு ஓர் எளிய தோராயம் இருக்கு: டயருக்குள் இருக்கிற காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. கார் டயரில் 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 220 கிலோபாஸ்கல். மணலில் சிக்காமல் இருக்கக் காற்றைப் பாதியாக இறக்கினாலும் 110 கிலோபாஸ்கல். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் ஒற்றைக் காலில் நின்றால்? 588 நியூட்டனை 0.015 சதுர மீட்டரால் வகுத்தால் சுமார் 39 கிலோபாஸ்கல். முட்டை ரெண்டுக்கும் தாங்காது, நிஜம்தான். ஆனால் கால் விட்டு விட்டுப் பதியும், டயர் விடாமல் ஒரு பட்டையாகப் பதியும். பத்துப் பேர் நடந்தாலும் தப்பிக்க வாய்ப்புள்ள கூடு, ஒரு ஜீப் நாலு தடவை போய்வந்தால் தப்புவது சந்தேகம்.

நசுக்குவது நேரடியான சேதம். கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னும் மூன்று இருக்கு.

முதலாவது, தடப்பள்ளம். காய்ந்த மணலில் சக்கரம் ஆழமாகப் பதிந்து, ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். நமக்கு அது வெறும் தடம். சில கிராம் எடையுள்ள குஞ்சுக்கு அது வாய்க்கால். அதற்குள் இறங்கி ஏற முடியாமல் அதே வழியே ஓடும். ஆபத்து வந்தால் ஓடாமல் பதுங்கி அசையாமல் இருப்பது அதன் இயல்பு. அடுத்த வண்டியும் அதே தடத்தில்தான் வரும். அமெரிக்கக் கரைகளில் குஞ்சுகள் இப்படிச் சாவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சூடு. வண்டி கிட்டே வந்தால் அடைகாக்கும் பறவை எழுந்து ஓடும். சிறகு ஒடிந்த மாதிரி நடித்து நம்மைத் திசை திருப்பும். நாம அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், அந்த நேரம் முழுக்க முட்டை வெயிலில் கிடக்கும். முட்டைக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கரு பிழைப்பது கஷ்டம்.

மூன்றாவது, அடும்பு. கரையில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து மேடு கட்டுகிறவை. திரும்பத் திரும்பச் சக்கரம் ஏறினால் அவை காய்ந்து மேடு கரையும். மேடு கரைந்தால் நஷ்டம் பறவைக்கு மட்டும் இல்லை, பின்னால் இருக்கிற வீட்டுக்கும்தான்.

சங்க காலத்திலேயே இந்தக் காட்சி உண்டு என்பது ஒரு சுவாரசியம். நெய்தல் பாடல்களில் தலைவன் தேரில் வருவான். ஐங்குறுநூற்றில் அந்தத் தேர் அடும்பை அறுத்துக்கொண்டு வரும். நற்றிணையில் ஒரு பாகன், சக்கரத்தில் நண்டு மாட்டிவிடாமல் கடிவாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து ஓட்டுவான். ஒரே கரை, ரெண்டு விதமான ஓட்டுநர். இன்றைக்கும் நிலைமை அதேதான்.

4. தூண்டில்காரர் பக்கம்

இதுவரை படித்துவிட்டு "அப்போ மொத்தமா தடை போட்டுடலாமே" என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்க.

தூண்டில் போட நல்ல இடம் எது? ஆறும் கடலும் சேர்கிற பொழிமுகம். இரை அங்கே சேரும், இரையைத் தேடி மீன் வரும். அந்த இடம் பெரும்பாலும் ரோட்டில் இருந்து தள்ளித்தான் இருக்கும். நீளமான ராடு, ஐஸ் பெட்டி, இரை, தண்ணீர் எல்லாம் தூக்கிக்கொண்டு காய்ந்த மணலில் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்க, கஷ்டம் புரியும். வயதானவர், கால் முடியாதவர் என்றால் வண்டி இல்லாமல் அந்த இடமே அவருக்கு இல்லை.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு கனமும் சேருது. இங்கே கரை என்பது பொழுதுபோக்கு இடம் ஆவதற்கு முன்னாடியே தொழிலிடம். 71.5 கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். வள்ளத்தின் இன்ஜினைச் சரிசெய்யக் கொண்டுபோக, வலை இறக்க, மீன் ஏற்ற என்று குட்டியானை கரை வரை வந்தாக வேண்டும். அதை மறித்தால் அன்றைய மீனின் விலை விழும். ரீல்ஸ் எடுக்க மணலில் டோனட் போடுகிற ஜீப்பையும் இந்தக் குட்டியானையையும் ஒரே தடை உத்தரவில் அடைப்பது நியாயமே இல்லை.

இன்னும் ஒன்று. பொழிமுகம் தூண்டில்காரருக்கு ஏன் பிடிக்குமோ, அதே காரணத்துக்காகப் பறவைக்கும் பிடிக்கும். இரை அங்கே இருக்கு. அதனால் இந்த மோதல் தற்செயலானது இல்லை. நல்ல இடத்துக்கு எப்பவுமே ரெண்டு பேர் போட்டிக்கு வருவார்கள்.

5. தாமதம் ஆனால் என்ன ஆகும்: கேப் ஹேட்டரஸ்

இந்தச் சண்டை முழு அளவில் நடந்து முடிந்த இடம் ஒன்று இருக்கு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கேப் ஹேட்டரஸ் தேசியக் கடற்கரை. அலையில் நின்று தூண்டில் வீசுவதற்கு உலகப் புகழ் பெற்றது. தார் ரோடு வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் போகவே மக்கள் மணலில்தான் வண்டி ஓட்டினார்கள். அதனால் அது பரம்பரை உரிமை என்பது உள்ளூர்க்காரர் வாதம். அதே கரையில் பைப்பிங் ப்ளவர் என்ற உப்புக்கொத்தி கூடு கட்டும். 1986-ல் அட்லாண்டிக் கரையில் அதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள்.

காலவரிசையைப் பாருங்க. பொது நிலங்களில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு எங்கே அனுமதி, எங்கே தடை என்று விதி எழுதச் சொல்லி 1972-லேயே அதிபர் நிக்சன் ஆணை போட்டுவிட்டார். ஹேட்டரஸில் அந்த விதி முறைப்படி எழுதப்படவே இல்லை. 35 வருஷம் கழித்து, 2007-ல் பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2008 ஏப்ரலில் நீதிமன்றத்தில் ஓர் உடன்படிக்கை. கூடும் குஞ்சும் உள்ள இடங்களில் வண்டிக்குப் பெரிய தடை வட்டம், ராத்திரி ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு. குஞ்சு உள்ள இடத்தில் வண்டிக்கு 1,000 மீட்டர் தள்ளி நில் என்ற அளவு வந்தது. ஏன் அவ்வளவு பெரிசு? பகுதி 2-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. குஞ்சு ஒரு கோடு.

உள்ளூரில் கோபம் வெடித்தது. தூண்டில் கடை, மோட்டல், உணவகம் எல்லாம் அந்தக் கரையை நம்பித்தான் இருந்தன. எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பேசிய குழு ஒருமித்த முடிவு இல்லாமலே 2009-ல் கலைந்தது. கடைசியில் 2012 பிப்ரவரியில் இறுதி விதி அமலுக்கு வந்தது. ஏறக்குறைய 67 மைல் கரையில் 28 மைல் ஆண்டு முழுக்க வண்டிக்கு, 26 மைல் ஆண்டு முழுக்க நடப்பவருக்கு, மிச்சம் சீசனைப் பொறுத்து. ஓட்டுகிறவர் கட்டணம் கட்டிப் பெர்மிட் வாங்க வேண்டும். 2014 டிசம்பரில் நாடாளுமன்றமே தலையிட்டு, தடை வட்டங்களைத் தேவைக்கு மேல் பெரிதாக வைக்காதே என்று சொல்லி மறுபரிசீலனை செய்ய வைத்தது.

பறவைக்குப் பலன் கிடைத்ததா? 2007-ல் 6 ஜோடியாக இருந்த பைப்பிங் ப்ளவர், 2011-ல் 15 ஜோடி. ஆனால் வண்டி மட்டுமே அதற்கு எதிரி இல்லை. புயல், நரி, நண்டு எல்லாம் இருக்கு. வண்டியைக் கட்டுப்படுத்துவது நம்ம கையில் இருக்கிற ஒரு நெம்புகோல், அவ்வளவே.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. 2001 கடைசியில் விதி போட்டு, 2002 தொடக்கத்தில் இருந்து பொழுதுபோக்கு வண்டிகளைக் கடற்கரையில் இருந்து வெளியேற்றியது. படகு இறக்க உரிமம் பெற்ற இடங்களுக்கும், அனுமதி வாங்கிய வேலைகளுக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது. அந்த விலக்கைக் கவனியுங்க: வேலைக்கு வரும் வண்டி வேறு, விளையாட வரும் வண்டி வேறு என்று சட்டமே பிரித்துப் பார்த்தது.

ஹேட்டரஸ் நமக்குக் கற்றுத்தருவது இதுதான்: ஊர்க்காரர்கள் சேர்ந்து சின்னதாக, சீக்கிரமாகக் கோடு போடவில்லை என்றால், வெளியாட்கள் பெரிசாக, தாமதமாகப் போடுவார்கள். அப்போ ரெண்டு பக்கமும் தோற்றதாகவே உணரும்.

6. பக்கத்தில்: தனுஷ்கோடி

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ராமேஸ்வரம் தீவின் நுனியைப் பாருங்க. தனுஷ்கோடிக்கு வருஷக்கணக்காக வேனும் ஜீப்பும் மணலிலும் தண்ணீரிலும் உருண்டுதான் ஆட்களைக் கொண்டுபோயின. தடம் என்று ஒன்று கிடையாது, டிரைவர் போன வழிதான் வழி. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தார்கள். மணல் முழுக்கப் பரவியிருந்த ஓட்டம் ஒரு கோட்டுக்குள் வந்தது. கூடவே வண்டிகளின் எண்ணிக்கையும் எக்கச்சக்கமாகக் கூடியது. ஆக ரோடு ஒரு பிரச்சினையைச் சுருக்கி, இன்னொன்றைப் பெருக்கியது.

அந்தப் பகுதி பறவைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி: 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு அப்பால் ராமர் பாலத்து மணல் திட்டுகளில் ஆலாக்கள் கூடு கட்டுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் திட்டுகளை இலங்கை 2015-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டது. வண்டி ஏற முடியாத திட்டு என்பதால் அங்கே பறவை கொஞ்சம் நிம்மதியாக இருக்கு. நம்ம கரைக்கு அந்த வசதி இல்லை.

7. சட்டம் என்ன சொல்லுது?

ரெண்டு சட்டம் தெரிந்தால் போதும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை.

இன்னொன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, சிஆர்இசட் என்று சொல்வோமே, அது. 2019 அறிவிப்பில் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் பிரிவில் மணல் மேடுகள், ஆமை முட்டையிடும் இடங்கள், பறவைகள் கூடு கட்டும் இடங்கள் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கு. ஆனால் வரைபடத்தில் குறிக்காத இடத்தை யார் காப்பாற்றுவது? குறிக்க வேண்டும் என்றால் அங்கே கூடு இருப்பதை யாராவது பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். இதே அமைப்பில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதில் மீனவர் உட்பட உள்ளூர் கடலோரச் சமூகத்தில் இருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. பேசி முடிக்க மேசை தயாராகவே இருக்கு. அந்த மேசைக்குத் தரவு கொண்டுபோவதுதான் பாக்கி.

8. குமரிக்கு ஒரு கணக்கு

நம்ம கரையின் தனிக் கஷ்டம் என்ன என்றால், மணலே குறைந்துகொண்டு வருது. கடல் அரிப்பு, அதைத் தடுக்கப் போட்ட கல் சுவர், தூண்டில் வளைவு எல்லாம் சேர்ந்து பல ஊர்களில் காய்ந்த மணல் ஒரு ஒல்லிப் பட்டையாகிவிட்டது. வள்ளம், வலை, வண்டி, பறவை எல்லாம் அந்தப் பட்டையில்தான். அலை ஏற்ற இறக்கமும் இங்கே ஒரு மீட்டருக்குள் என்பதால் ஈர மணல் பட்டையும் ஒல்லிதான்.

அதனால் ஹேட்டரஸ் அளவை அப்படியே இறக்கினால் நடக்காது. சொத்தவிளை மாதிரி சுமார் 4 கிலோமீட்டர் கரை ஒன்றை எடுத்துக்குவோம். ஒரு கூட்டைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் என்றால் கரையில் 100 மீட்டர் போகும், அதாவது 2.5 சதவீதம். இது யாருக்கும் பெரிய பாரம் இல்லை. அதே கூட்டுக்கு 1,000 மீட்டர் வட்டம் என்றால் 2 கிலோமீட்டர், பாதிக் கரை. எந்த ஊரும் ஒத்துக்காது, ஒத்துக்கச் சொல்வதும் சரியில்லை.

சரி, எப்படிப் பிரிப்பது? இடத்தால் ஒரு பிரிவு, காலத்தால் ஒரு பிரிவு.

இடம்: வண்டி ரோட்டில் இருந்து கரைக்கு இறங்க, ஊர் முடிவு செய்த சில வழிகள் மட்டும். வள்ளம் ஏற்றும் துறையில் இறங்கி அதே வழியே ஏறிவிட வேண்டும். கரையோரமாக நீளத்துக்கு ஓட்ட வேண்டியிருந்தால் ஈர மணலில் மட்டும். இதில் நமக்கு இயற்கையே உதவுது. ஈர மணலில் துகள்களுக்கு நடுவே இருக்கிற தண்ணீரின் இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதால் தரை கெட்டியாக இருக்கும், வண்டி புதையாது. கூடோ காய்ந்த மணலில்தான். ஓட்டுகிறவருக்கு வசதியான இடமும் முட்டைக்குப் பாதுகாப்பான இடைவெளியும் ஒரே கோட்டில் வந்துவிடுது.

காலம்: அந்தக் கோடு முட்டை இருக்கும் 25 நாளைக்குத்தான் பலிக்கும். குஞ்சு பொரித்ததும் அது ஈர மணலுக்கே வந்துவிடும். அப்போ அந்தத் துண்டுக் கரையில் மட்டும் வண்டியை முழுசாக நிறுத்த வேண்டும், சுமார் 30 நாள். நடந்து போகலாம், தூண்டிலும் போடலாம்.

"மீனவர் இதுக்கெல்லாம் ஒத்துப்பாங்களா?" என்று கேட்டால், அவர்களுக்கு இது புதுசே இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பது இதே யோசனைதான். நம்ம மாவட்டம் ரெண்டு தடைக்காலத்தையும் பார்க்கிற மாவட்டம். கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, ரெண்டும் 61 நாள் விசைப்படகு ஓடாது. மீன் பெருகட்டும் என்று இரண்டு மாதம் தொழிலையே நிறுத்துகிற மக்கள் அவர்கள். ஒரு துண்டுக் கரையில் சக்கரத்தை 30 நாள் நிறுத்துவதை அவர்களுக்குப் புரியவைக்க நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் அவர்களிடம் போய்க் கேட்டாலே போதும். எந்த இடத்தில் பறவை உட்காரும், எந்த மாசம் உட்காரும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

9. நீங்க என்ன செய்யலாம்?

கரைக்கு பைக்கில் போனால் ரோட்டோரமே நிறுத்துங்க. பந்தயம், டோனட் எல்லாம் கிரவுண்டில் வைத்துக்கலாம்.

காய்ந்த மணலில் ஒரு சின்னப் பறவை சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினால், அதைத் துரத்தாதீங்க. உங்க காலடிக்குப் பக்கத்தில் முட்டை இருக்கு என்று அர்த்தம். வந்த வழியே மெல்லத் திரும்புங்க. போட்டோ எடுக்க நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் முட்டை வெயிலில் வேகுது.

கூடு பார்த்தால் தேதி, இடம், முட்டை எத்தனை என்று குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்க. துல்லியமான இடத்தை இன்ஸ்டாவில் போடாதீங்க, கூட்டம் வந்துவிடும்.

மீன் கழிவையும் மிச்ச இரையையும் மணலில் வீசாதீங்க. அது காக்காயையும் நாயையும் கூப்பிடும். வண்டி மிச்சம் வைத்த முட்டையை அவை முடித்துவிடும்.

கடைசியாக, மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் ஐடியா. தூண்டில்காரர் வண்டி கொண்டுவரும் முக்கியக் காரணம் சுமை. 4 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் பலூன் டயர் போட்ட தள்ளுவண்டி தரையை அழுத்துவது சுமார் 28 கிலோபாஸ்கல், அதாவது நம்ம ஒற்றைக் காலைவிடக் குறைவு. ஐஸ் பெட்டி, ராடு, இரை எல்லாம் ஏற்றி, வயதான ஒருவர் காய்ந்த மணலில் தனியாக இழுக்கக்கூடிய வண்டி. உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாது, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்ய முடிய வேண்டும், விலை ஒரு நல்ல ராடின் விலைக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இது விற்பனைக்கே இருக்கு. நம்ம கரைக்கும் நம்ம பாக்கெட்டுக்கும் ஏற்ற மாதிரி ஒன்று செய்து, முதல் வண்டியைப் பொழிமுகத்தில் தூண்டில் போடுகிற ஒருவரிடம் கொடுத்து, அவர் என்ன குறை சொல்கிறார் என்று கேளுங்க. அவர் பைக்கை ரோட்டில் விட்டு வரத் தயார் என்று சொல்கிற நாளில், எந்தத் தடை உத்தரவும் இல்லாமலே அந்த ஒரு தடம் மணலில் இருந்து மறைந்திருக்கும்.